தறிகளுக்கு நடுவே ஒரு பாட்டுக் கேபின்

ஷாஹிஸ்தா பாட ஆரம்பித்தால் தெருவே நின்று கேட்கும் என்பார்கள் பள்ளிபாளையத்தில். நிற்காதது தறி மட்டும்தான். அவள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி முப்பது விசைத்தறிகள் ஓடின.

பாடுவதுதான் அவளுக்குத் தொழில். சென்னையிலிருந்து சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் மெட்டு அனுப்புவார்கள். வீட்டு அறையிலேயே பாடிப் பதிவு செய்து அனுப்பிவிடுவாள். நல்ல மைக், ஹெட்போன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தாள். மாதம் ஒருநாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்களே, அன்றைக்கு ஊரே விசிறிக்கொண்டு அலுத்துக்கொள்ளும். தறிகளும் நின்றுவிடுவதால் அவளுக்கோ அன்றுதான் பெருநாள். லேப்டாப்பில் சார்ஜ் தீரும்வரை பாடித் தள்ளுவாள்.

அப்படியிருக்க, அவசரமாக ஒரு தாலாட்டு வந்தது. மின்தடைக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடி அனுப்பினாள். மறுநாளே ஒலிப்பதிவாளர் சிவபிரகாஷ் போன் செய்தார்.

"குரல் அருமை மேடம். ஆனா நீங்க மூச்சு விடற இடத்துலயெல்லாம் அடியில மோட்டார் ஓடுது. அதைக் குறைச்சா உங்க குரலும் மெலிஞ்சு போகுது. இதைக் கேட்டா குழந்தை தூங்காது, முழிச்சுக்கும். பத்து நாள் தரேன், திரும்பப் பாடிக் கொடுங்க."

அவள் சிரித்துவிட்டாலும் மனசு சுருங்கிப்போனது. கணவன் அல்தாப் நாமக்கல்லிலிருந்து கட்டுக்கட்டாக முட்டை அட்டை கொண்டுவந்து சுவரெல்லாம் ஒட்டினான். எதிரொலி குறைந்தது, தறி குறையவில்லை. அல்தாப் துணி வியாபாரி. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற கண்ணுசாமி, கேபின் திரைத்துணியை அவனிடம்தான் வாங்குவார். அந்த வாரம் வீட்டுக்கு வந்தவர், அட்டைகளைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார்.

"ஒரு தட்டத்துல தண்ணி கொண்டாங்க, அம்மிணி."

தட்டத்தைத் தரையில் வைத்தார். தண்ணீர் பொடிப்பொடியாக நடுங்கியது.

"பாத்தீங்களா? இது செவுத்துல வர்றதவிட தரையிலதாங்க சாஸ்தியா வருது."

"அதுக்கு என்னங்ணா பண்றது?"

"லாரிக்குப் பண்றதுதான். அடியில என்ன அதிர்ந்தாலும் கேபினுக்கு ஏறக்கூடாதில்லீங்க? உங்களுக்கும் ஒரு கேபின் கட்டித் தாரேன். தரையில படாம நிக்கும்."

அதிலிருந்து ஆறாம் நாள், கெடு முடிகிற அன்றைக்கு, மினி லாரியில் பாகம் பாகமாக வந்து இறங்கியது. இரட்டைப் பலகைச் சுவர், இடையில் பஞ்சு, கதவைச் சுற்றி ரப்பர், ஒரு கண்ணாடி ஜன்னல். அடியில் காற்றடித்த நான்கு வேன் டயர் டியூபுகள். பூட்டி நிறுத்தியதும் ஷாஹிஸ்தா உள்ளே போய்க் காலால் தாளம் போட்டாள். கேபின் பரிசல் மாதிரி ஆடியது.

"அண்ணா, தலை சுத்துதுங்ணா!"

கண்ணுசாமி ஓடிவந்து கொஞ்சம் காற்றை இறக்கினார். ஆட்டம் அடங்கியது. கதவைச் சாத்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒலியை எவ்வளவு ஏற்றிப் பார்த்தும் அவளுடைய மூச்சு மட்டுமே கேட்டது. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷத்தில், தறி ஓடும்போது அவள் அதைக் கேட்டது அதுவே முதல்முறை.

வெளியே வந்ததும் கண்ணுசாமி தயங்கித் தயங்கிக் கேட்டார். "நானும் ஒருக்கா உள்ள உக்காந்து பாக்கட்டுங்களா?"

போனவர் கால் மணி நேரமாகியும் வரவில்லை. அவள் கண்ணாடி வழியே பார்த்தாள். முப்பது வருஷமாகச் சுத்தியல் சத்தத்திலேயே கிடந்த மனிதர், தாடை நெஞ்சில் படிய நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பட்டுமா? பாட்டு இன்னிக்கே போவோணும்னயே?" என்றான் அல்தாப்.

"சாயங்காலம் அனுப்பிக்கலாங்க. தூங்கட்டும்."

அவர் எழுந்து டீ குடித்துவிட்டுப் போன பிறகுதான் பாடினாள். ஒரே மூச்சில் நன்றாக அமைந்துவிட்டது. அனுப்பிய சற்று நேரத்தில் சிவபிரகாஷ் அழைத்தார்.

"சுத்தமா இருக்கு மேடம். எந்த ஸ்டுடியோ?"

"எங்க ஊட்டுலதாங்க. ஆனா நாமக்கல்ல பாடி கட்டுனது" என்றாள் ஷாஹிஸ்தா. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே அடுத்த மெட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.