காபி மெஷினின் கைப்பிடி

ஒன்று கொடுத்தால்தான் ஒன்று வாங்கலாம். மாலையில் அச்சுப்பட வகுப்பு நடத்தும் நிர்மலா அக்கா, 1994 ஜூனில் வகுப்பு தொடங்கியபோதே போட்ட விதி இது. ஆளுக்கொரு சமையலறைப் பொருளை லினோலியத் தரைவிரிப்புத் துண்டில் செதுக்கி, மை பூசி, உள்ளங்கை அகலத் தாளில் அச்செடுத்து, கடைசி நாளில் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒட்டி வைக்க நான் ஆல்பம் வாங்கிவிட்டேன். எல்லாருடைய படமும் வேண்டும். முக்கியமாக மஞ்சுநாத்தின் பால் குக்கர். அதன் ஆவியைக்கூட அவன் சில கோடுகளில் கொண்டுவந்திருந்தான்.

நான் செதுக்கியது எங்கள் காபி அரைக்கும் மெஷினை. மேசை விளிம்பில் திருகி மாட்டுவது. அப்பா இறந்து, நாங்கள் விஜயநகர் வீட்டுக்கு மாறியபோது அம்மா அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாள். நினைவிலிருந்துதான் வரைந்தேன். அளவுகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தவன், அச்சில் இடம் வலம் மாறும் என்பதை மறந்தேன். கைப்பிடி இடப்பக்கம் நின்றது.

"என்ன குரு, இதுல அரைச்சா டிகாக்‌ஷன் மேல ஏறுமா?" என்றான் மஞ்சுநாத். யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவான்.

வகுப்பில் ஆளுக்கொன்றாக எண்ணி அச்செடுத்ததில் தாளும் தீர்ந்திருந்தது. தப்பான படத்தைக் கொடுத்து நல்ல படங்களை வாங்கலாமா? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்றைக் காட்டினேன். அம்மாவின் வலக்கை தானாக எழுந்து காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"நம்மது இப்படி இல்லியே சந்துரு."

"தெரியும்மா. திரும்பிப் போச்சு."

"இரு." தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "நான் சுத்துவேன், நீ என்னை ஒட்டிக்கிட்டு நிப்ப. அப்பா எதிர்க்க உக்காந்து, 'பேகா பேகா, ஷிப்டுக்கு நேரமாச்சு'ன்னு விரட்டுவாரு. அங்கருந்து பாத்தா இப்படித்தான் தெரியும்."

மேசை ஆடும்போது அப்பா தன் டம்ளரை மட்டும் பிடித்துக்கொள்வது எனக்கு ஞாபகம் வந்தது.

"இது எனக்கு" என்று சொல்லி, சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பா மேல் அதைச் சாய்த்து வைத்தாள்.

கடைசி வகுப்பில் மற்றவர்கள் முந்திக்கொண்டு வாங்கிவிட்டார்கள். மிஞ்சியது மஞ்சுநாத்.

"உன்னோடத அம்மா எடுத்துக்கிட்டாங்க" என்றேன்.

அவன் நிர்மலா அக்காவைப் பார்த்தான். அக்கா தலையாட்டவில்லை. "பிடு குரு, பரவால்ல, எனக்கு லெஃப்ட் ஹேண்ட் காபி ஒத்துக்காது" என்று குக்கரைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ஆல்பத்தில் ஒரு பக்கம் காலி. இன்று காலை அம்மா கடைப்பொடியில் காபி போட்டாள். வழக்கமாக அவள் பக்கத்தில்தான் உட்காருவேன். இன்று டம்ளரை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.