டாக்டர் வண்டிக்குக் கூரை போட்ட காரணம்

அன்று அந்தக் கார் ஷோரூமில் இருந்தவர்கள் ஐந்து பேர். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மேட்ரன், கட்டடங்களுக்கு வரைபடம் போட்டு ஓய்வு பெற்ற அவருடைய ஒரே தம்பி, தம்பியின் மனைவி, மேட்ரனின் மகளான பல் டாக்டர், முழங்காலில் வலிக்குப் பட்டை கட்டியிருந்த விற்பனையாளர். வேறு யாரும் அங்கே இல்லை. தாமும் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் பிற்பாடு காதால் கேட்டவர்கள்.

கண்ணாடிச் சுவருக்குள் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே கம்பெனி, ஒரே கரும்பச்சை நிறம், இரண்டிலும் இரண்டே இருக்கைகள். ஒன்றுக்குத் தகட்டுக் கூரை. அதை விற்பனையாளர் ஹார்ட்டாப் என்றார். மற்றதற்குத் துணிக் கூரை. ஒரு பொத்தானை அமுக்கியதும் அது தானே மடிந்து பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அதற்குப் பெயர் கன்வர்ட்டிபிள். கூரை மடிவதை மேட்ரன் மூன்று முறை பார்த்தார். நான்காவது முறை தாமே பொத்தானை அமுக்கினார்.

"அண்ணி, இந்த மொட்டை வண்டியில போனா தலையில ஒரு முடி மிஞ்சுமா?" என்றார் தம்பி மனைவி.

"இருக்கறதே நாப்பது முடி. போனா போகட்டும்."

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, அறுபத்தாறு வயசுல ஸ்போர்ட்ஸ் காரே அதிகம். அதுலயும் திறந்த வண்டி. பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"என்ன சொல்லுவாங்க?"

"பழசைக் கிளறுவாங்க," என்று சொல்லிவிட்டுத் தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பழசு என்னவென்று அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

அவர்களுடைய அப்பா கால்நடை டாக்டர். ஊரைச் சுற்றி முப்பது மைலுக்குள் எந்தப் பண்ணையில் எந்த மாடு படுத்தாலும் அவருக்குத்தான் ஆள் வரும். அவர் வைத்திருந்தது கூரையில்லாத பழைய கார். பின் இருக்கையில் கயிறு, வாளி, மருந்துப் பெட்டி, சில நாள் ஒரு கன்றுக்குட்டியும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தோறும் தோட்டத்துக் குழாயை நீட்டி வண்டியின் உள்ளும் புறமும் ஒரே மாதிரி கழுவுவார். எவ்வளவு கழுவினாலும் பெட்ரோலும் ஃபினாயிலும் ஆட்டு வாடையும் கலந்த ஒரு மணம் அதைவிட்டுப் போகாது. இன்றைக்கும் ஃபினாயில் பாட்டிலைத் திறந்தால் மேட்ரனுக்கு முதலில் நினைவு வருவது ஆஸ்பத்திரி அல்ல, அந்த வண்டிதான்.

பதினேழு வயதில் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். அதன்பின் பண்ணைகளுக்குப் போகும்போது ஸ்டியரிங் மகளிடம். அப்பா பக்கத்தில் தொப்பியைப் பிடித்தபடி உட்கார்ந்து வருவார். டாக்டருக்கு ஊரில் நல்ல மரியாதை. வார்த்தையை அளந்து பேசுகிறவர் என்று பெயர். எதிரே நிற்பவர் எதைச் சொன்னாலும் நிதானமாகத் தலையாட்டுவார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கும், ஆனால் அதைக் காதில் வைக்க மாட்டார். மாட்டின் விலாவில் உள்ளங்கையைப் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "கையாலேயே எல்லாம் தெரிஞ்சுக்கறார், கைராசிக்காரர்" என்று பண்ணைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

மேட்ரனுக்கு இருபது வயது நடந்தபோது, ஒரு பண்ணையிலிருந்து திரும்பும் வழியில், பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல் ஒரு விஷயத்தைச் சொன்னார். பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் வீட்டுக்கு வந்து பெண் கேட்க விரும்புகிறார், தனக்கும் சம்மதம். இரண்டு நிமிஷம் மூச்சுவிடாமல் பேசினார். அப்பா தலையாட்டினார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறையும் ஆட்டினார். அதற்குப் பிறகு வண்டி போன வேகத்தில் வழியிலிருந்த கோழிகள் தப்பியது பெரிய காரியம்.

பத்து நாள் கழித்து பாடி கட்டும் ஆசாரி வந்து அந்த வண்டிக்குத் தகட்டுக் கூரையும் கண்ணாடி ஜன்னலும் வைத்தார்.

ஊர் சும்மா இருக்குமா? மகள் டிராயிங் மாஸ்டரை இரண்டு முறை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதை நாலு பேர் பார்த்திருந்தார்கள். டாக்டர் வெட்கப்பட்டு வண்டியை மூடிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. தபால் நிலையத்து வரிசையில் நிற்கும்போது அது மேட்ரனின் காதிலேயே விழுந்தது. அவரும் நம்பினார். நம்பாமல் எப்படி இருப்பது? சொன்னது ஒரு நாள், கூரை வந்தது பத்தாம் நாள். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் ஏன் என்று கேட்கவில்லை. வர வேண்டாம் என்று டிராயிங் மாஸ்டருக்கு நாலு வரி எழுதிப் போட்டுவிட்டு, அடுத்த மாதம் நர்ஸ் படிப்புக்குப் போய்விட்டார்.

அந்த வண்டியில் அவர் அதற்குப் பிறகு ஏறவே இல்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அப்பா ஸ்டேஷனில் காரோடு நிற்பார். "பஸ்ஸே வசதி" என்று சொல்லிவிட்டு மேட்ரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார். பிறகு கல்யாணம் ஆனது. நல்ல மனிதர், ஆறு வருஷத்துக்கு முன் காலமானார், அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்வதற்கில்லை. அப்பா போய் இருபத்திரண்டு வருஷம். ஆனால் அப்பா தன்னை நினைத்து வெட்கப்பட்டார் என்ற எண்ணம் மட்டும் மேட்ரனின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. ஒரு நாள் திறந்த வண்டி ஒன்றை வாங்கி அந்த ஊர்த் தெருவில் ஓட்டிப் போவேன் என்று மகளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குச் சொல்லாமல் விட்ட பதில் அது.

"மேடம், ரெண்டையும் ஓட்டிப் பாத்துடுங்க," என்றார் விற்பனையாளர். "என் முட்டி இதுக்குள்ள மடங்காது. சார் கூட வரட்டும். மூணு தெரு சுத்திட்டு வாங்க."

முதலில் ஹார்ட்டாப். கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் நின்றது. தம்பி ஏறியதிலிருந்து இறங்கும்வரை பேசினார். மழை வரும், தூசி வரும், துணியைக் கிழித்துத் திருடுவார்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும். மேட்ரன் ஒவ்வொன்றுக்கும் பதில் கொடுத்தார். "இடுப்பு பிடிச்சா எனக்கு வைத்தியம் தெரியும். நீ வாயை மூடு."

அடுத்தது கன்வர்ட்டிபிள். கூரை மடிந்தது, வெயில் மடியில் விழுந்தது. பெரிய சாலைக்கு வந்து வேகம் எடுத்ததும் காற்று கன்னத்தில் அறைந்தது. மேட்ரனுக்கு ஒரே நொடியில் இருபது வயது. வேலிக்கு மேலே தலை நீட்டும் மாடுகள், காலடியில் உருளும் வாளி, தொப்பியை அழுத்திப் பிடித்த அப்பாவின் கை. பக்கத்தில் தம்பி தொப்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார். மேட்ரன் அவர் பக்கம் திரும்பி மரியாதைக்குத் தலையாட்டினார். மறுபடி சாலையைப் பார்த்தார்.

ஷோரூம் வாசலில் இறங்கும்போது தம்பியின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அப்பாடா. நல்லவேளை, ஒத்துக்கிட்டே."

"எதை?"

"ஹார்ட்டாப்பே எடுத்துக்கறேன்னு. மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் தலையாட்டினியே."

"நீ பேசினது எனக்கு ஒண்ணுமே விழல."

தம்பி அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "அச்சு அசல் அப்பா. அதே தலையாட்டல். உனக்குமா காது போயிடுச்சு?"

"உனக்குமான்னா?"

தம்பி தம் மனைவியைப் பார்த்தார். அவர் மனைவி கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். பல் டாக்டர்தான் கேட்டார். "மாமா, தாத்தாவுக்குக் காது கேக்காதா?"

"உங்கம்மாவுக்குத் தெரியுமே. நர்ஸாச்சே."

"எனக்குத் தெரியாது," என்றார் மேட்ரன்.

சொல்லிவிட்டு நேரே ஹார்ட்டாப்பிடம் போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "வா. ஏறு. கதவைச் சாத்து." தம்பி ஸ்டியரிங் பக்கம் ஏறினார். "இப்ப சொல்லு. முதல்லேருந்து."

தம்பி சொன்னார். அப்பாவுக்கு முதலில் இடது காது போனது. பிறகு வலது காதிலும் பாதி. வீட்டில் அது அம்மாவுக்கும் தம்பிக்கும் தெரியும். தம்பிக்கு அப்போது பன்னிரண்டு வயது. வெளியே மூச்சு விடக்கூடாது என்று அம்மாவின் கட்டளை.

"செவிட்டு டாக்டர்னு தெரிஞ்சா எவன் மாட்டைக் கொண்டு வருவான்? ஸ்டெதஸ்கோப்புல ஒண்ணும் கேக்காது அவருக்கு. அதான் கையை வெச்சுப் பாத்தார். ஊர் அதைக் கைராசின்னு சொல்லிச்சு, அவரும் சொல்லட்டும்னு விட்டுட்டார். கிட்ட நின்னு முகத்தைப் பாத்துப் பேசினா பாதி புரிஞ்சுக்குவார். திறந்த வண்டியில ஒரு எழுத்து விழாது."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"உனக்கு அம்மா சொல்லியிருப்பாங்கன்னு நான் நெனச்சேன். நான் சொல்லியிருப்பேன்னு அம்மா நெனச்சிருப்பாங்க. நம்ம வீட்ல வாயைத் திறந்து ஒண்ணு கேட்டா கௌரவம் குறைஞ்சு போயிடுமே."

எத்தனை பேருடைய காதை மேட்ரன் விளக்கு வைத்துப் பார்த்திருப்பார். விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் அப்பாவின் முகத்தைச் சரியாக ஏறிட்டுப் பார்த்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. வீம்பு.

"கூரை?" என்றார்.

"கூரை போட்ட அன்னிக்கு என்னை உள்ள உக்கார வெச்சு, ஜன்னலை ஏத்திட்டு, 'மெதுவா ஏதாவது பேசு'ன்னார். 'நாளைக்கு ஸ்கூலுக்குப் போக மாட்டேன்'னேன். 'போகணும்'னார்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். தம்பிதான் முதலில் நிறுத்தினார்.

"அப்புறம் சொன்னார்க்கா. 'உங்கக்கா அன்னிக்கு வண்டியில என்னமோ சொன்னா. பெரிய விஷயம்னு அவ முகத்துல தெரிஞ்சுது. எனக்கு ஒண்ணும் கேக்கல, தலையை ஆட்டி வெச்சுட்டேன். மறுபடி கேக்கவும் வெக்கமா இருந்துது. இனிமே சொன்னா கேட்டுக்கலாம்'னார். நீ ஏறவே இல்ல. ரொம்ப நாள் கேட்டுக்கிட்டே இருந்தார், அக்கா ஏன் வண்டியில ஏற மாட்டேங்கறான்னு. நீ பெரிய ஆளாயிட்டேன்னு நெனச்சேன் நான்."

மேட்ரனுக்கு ஸ்டேஷன் வாசல் கண்ணில் வந்தது. ரயில் வரும் நேரம் தெரிந்து அப்பா சீக்கிரமே வந்து நிற்பார். அவர் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பது ஓட்டுகிறவர் ஏறும் கதவை. மகள் ஓட்டட்டும் என்று.

மேட்ரன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அக்கா கேட்கக் கேட்க, தம்பி அப்பாவைப் பற்றி நினைவில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். வெளியே இருந்த மூவரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விற்பனையாளர் இரண்டு முறை மணி பார்த்தார். அரை மணி நேரம் ஆகியிருந்தது.

இறங்கி வந்ததும் மேட்ரன் அவரிடம், "இதைக் கொடுங்க," என்றார்.

"அம்மா, திறந்ததுதான் வேணும்னு எத்தனை வருஷமா சொல்லிட்டிருந்தே," என்றார் மகள்.

"சொன்னேன். உங்க தாத்தா மேல இருந்த கோவத்துல சொன்னேன். இப்ப எனக்குப் பக்கத்துல உக்காந்து பேசறவங்க பேச்சு கேக்கணும். அப்புறம், என் காதையும் காட்டணும், உனக்குத் தெரிஞ்ச காது டாக்டர் யாராவது இருந்தா திங்கக்கிழமைக்கு நேரம் வாங்கு. ஊருக்கே தெரிஞ்சாலும் பரவாயில்ல."

"இவர் பேச்சைக் கேக்கறதுக்கா அண்ணி காசு கொடுத்து வண்டி வாங்கறீங்க?" என்றார் தம்பி மனைவி. "கேக்காம இருக்க ஒரு வழி உண்டான்னு நான் முப்பத்தஞ்சு வருஷமா தேடறேன்."

திறந்த வண்டியின் கூரையை விற்பனையாளர் மூடினார். அது மெதுவாக எழுந்து வந்து பொருந்துவதை மேட்ரன் கடைசிவரை நின்று பார்த்தார். பிறகு படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஷோரூமில் நின்ற காருக்குள் அக்காவும் தம்பியும் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டார்கள் என்றும், தம்பி குடும்ப மானத்தைச் சொல்லி மிரட்டியதால்தான் அக்கா மூடிய வண்டியை வாங்கினார் என்றும் ஒரு பேச்சு இப்போது உலவுகிறது. அது பொய். சண்டை நடக்கவில்லை. தம்பி பேசினார், அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். வண்டியைத் தேர்ந்தெடுத்தது அக்காதான்.