ஒரு வரிக்கு விலக்கு

இனாஸின் தகுதிகாண் காலம் முடிய இன்னும் நான்கு நாள்தான். அதற்குள் அவள் பெயரில் ஒரு எச்சரிக்கைகூட இருக்கக் கூடாது, இருந்தால் வேலை நிரந்தரமாகாது என்று ஃபாரெஸ் கறாராகச் சொல்லிவிட்டான்.

துனிஸ் ஏரிப் பக்கத்து அலுவலகம் அது. மருந்துக்கடைகளின் ஆர்டர்களை வாங்கி மொத்த வியாபாரிகளுக்கு அனுப்பும் நிரல் அவர்களுடையது. குழுத்தலைவனாக வந்த கையோடு எல்லோருடைய எடிட்டரிலும் ஃபாரெஸ் லிண்டரை மாட்டினான். பைத்தான் நிரலில் குறை கண்டால் சிவப்புக் கோடு போட்டு எச்சரிக்கும் கருவி. நல்ல கருவிதான். எது குறை, எதற்கு விலக்கு என்று சொல்லும் அதன் அமைப்புக் கோப்பை வேறு யாரும் தொட முடியாதபடி பூட்டி வைத்ததுதான் அவன் புத்தி. காலைக் கூட்டத்தில் இனாஸுடைய கோடுகளை மட்டும் எண்ணிச் சொல்லிச் சிரிப்பான். அவளுக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் ஒரே கோடு மிஞ்சியது. நிரலின் இன்னொரு பகுதியை உள்ளே அழைக்கும் ஓர் 'இம்போர்ட்' வரி. கோப்பில் வேறெந்த வரியும் அதைப் பயன்படுத்தவில்லை, தேவையில்லை என்றது லிண்டர். பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் அந்த வரி ஓடினால்தான் சூஸ் நகரக் கடைகளின் ஆர்டரை வாங்கும் பகுதி விழித்துக்கொள்ளும். இந்த ஒரு வரிக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கேட்டாள். மூன்றாவது முறை, ரொட்டியை ஹரிஸ்ஸா மிளகாய் விழுதில் தோய்த்துக்கொண்டே அவன் திரும்பினான்.

"மகாராணிக்குன்னு தனிச் சட்டம் போட முடியாது. லிண்டர் வேணாம்னா வேணாந்தான். தூக்கு."

அதையே எழுத்திலும் போடச் சொன்னாள். அலட்சியமாகத் தட்டி அனுப்பினான். அவள் வரியை அழித்தாள். நிரலைச் சரிபார்க்கும் சோதனைகள் சூஸ் பகுதியை அந்த வரி இல்லாமலே நேரடியாக அழைப்பவை, அதனால் அவையும் பச்சை காட்டின. அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலையிலிருந்து சூஸிலிருந்து ஓர் ஆர்டரும் வரவில்லை. மதியம்தான் கடைக்காரர்களின் போன்கள் வரத் தொடங்கின. முதலாளி மதாம் நஜ்லா வந்து நின்றதும், இனாஸ் தூக்கிய வரி என்று ஃபாரெஸ் கை காட்டினான். அவள் வரியைத் திரும்பப் போட்டுவிட்டு, அவன் எழுதியதைத் திரையில் திறந்தாள். அவன் முகம் செத்துப்போனது. மூன்று மாதமாக அவள் காத்திருந்தது இதற்குத்தான்.

நஜ்லா படித்து முடித்தாள். ஃபாரெஸைப் பார்க்கவே இல்லை.

"சூஸ் நின்னுடும்னு உனக்குத் தெரியும்."

"மூணு தடவ சொன்னேன் மதாம்."

"அவங்கிட்ட சொன்ன. எங்கிட்ட ஏன் வரல? இன்சுலினுக்குக் காலைலேர்ந்து கடை வாசல்ல நின்னவங்க உனக்கு என்ன பண்ணாங்க?"

அவர்களை இனாஸ் ஒரு கணம்கூட நினைக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து இருவருமே வர வேண்டாம் என்றாள் நஜ்லா.