வராத பஸ்

சாப்பிட உட்காருமுன் பால்கனிக் கதவைச் சாத்தப் போன சுப்ரஜா கீழே பார்த்தாள். புனேயின் வானவடிக் குடியிருப்பு கேட் அருகே, உச்சி வெயிலில், அம்மாக்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். பள்ளி விட இன்னும் வெகு நேரமிருந்தது. மாடி வீட்டு ரோஹிணியும் அங்கே இருந்தாள். கணவர் ராணுவத்தில், பிள்ளை ஒன்றாம் வகுப்பு.

சுப்ரஜா இறங்கிப் போய் விசாரித்தாள்.

"பஸ் கேட்டுக்கு வந்தாச்சுன்னு மெசேஜ் வந்துது. அடுப்பை அணைச்சுட்டு ஓடி வந்தேன். பஸ்ஸையே காணோம். டிரைவரும் ஃபோன் எடுக்கல," என்றாள் ரோஹிணி.

கோவையிலிருந்து வந்து அவள் சேர்ந்திருந்த சின்ன நிறுவனம்தான் அந்த மெசேஜ்களை அனுப்பும் பள்ளிப் பஸ் ஆப்பை நடத்தியது. சற்று முன்பு வீட்டில் உட்கார்ந்தபடி அதன் சர்வர் நிரலைச் சோதித்துப் பார்த்தவளும் அவள்தான். பஸ் இன்னும் கிளம்பியே இருக்காது, என் சோதனையில் தவறுதலாகப் போன மெசேஜ் அது என்று அங்கேயே சொல்லி மன்னிப்புக் கேட்டாள். மற்றவர்களிடமும் நீயே சொல்லிவிடு என்று சொல்லி ரோஹிணி படியேறினாள். சுப்ரஜா ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள்.

மேலே வந்ததும் முதல் வேலையாகச் சோதனைத் தரவிலிருந்த நிஜ எண்களை அழித்தாள். பிறகு அலுவலகத்தில் மூத்தவரான ராம்பிரசாத்தை ஃபோனில் அழைத்தாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; அந்த நிரலை எழுதியவரும் அவரே. சோதனை நேரத்தில் அனுப்பாதே என்று ஒரு கண்டிஷன் போட்டால் தீர்ந்தது என்றார் அவர்.

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. நிரலில் பஸ் வந்ததை அறிவிக்கும் பகுதி, மெசேஜ் அனுப்பும் கருவியைத் தனக்குள்ளேயே உருவாக்கிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து யாரும் அதை மாற்ற வழியில்லை.

"நாளைக்கு யாராச்சும் அந்தக் கண்டிஷனை மறந்துட்டா மறுபடியும் இதேதானுங்க. எதுல அனுப்பறதுன்னு அந்தப் பகுதியே முடிவு பண்ண வேண்டாம். நாம குடுக்கறதை வாங்கி அனுப்பட்டும்."

ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று ராம்பிரசாத் இழுத்தார். கடைசியில், செய்து காட்டு, பார்க்கலாம் என்றார்.

வேலை அப்படியொன்றும் பெரிதில்லை. சர்வர் தொடங்கும் இடத்தில் மட்டும் நிஜக் கருவி உருவாகி அந்தப் பகுதியின் கைக்குப் போனது. சோதனையிலோ அவள் ஒரு போலிக் கருவியைக் கொடுத்தாள். அது எதையும் அனுப்பாது. என்ன அனுப்பச் சொன்னார்கள் என்று நினைவில் வைத்துக்கொள்ளும், அவ்வளவே.

மறுநாள் அலுவலகத்தில் சோதனையை ஓட்டி, போலியின் நினைவில் இருந்ததை ராம்பிரசாத்துக்குத் திரையில் காட்டினாள். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரே மெசேஜை இரண்டு தடவை அனுப்பச் சொல்லியிருந்தது நிரல்.



"ரொம்ப நாளா வர்ற கம்ப்ளைன்ட் இது. எங்க தேடறதுன்னே தெரியாம இருந்தேன்," என்றார் ராம்பிரசாத். பிறகு, "பஸ் எங்க இருக்குன்னு காட்டற மேப் பகுதியிலயும் நான் இப்படித்தான் கருவியை உள்ளேயே உருவாக்கி வெச்சிருக்கேன். அதை நானே பிரிச்சுடறேன். நீ பக்கத்துல இருந்து பாரு."

சுப்ரஜா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் முதல் வரியை அழிக்கத் தொடங்கினார்.