கெர்லிண்ட ஊலிக்கின் விளக்கு வளைவு நிராகரிக்கப்பட்ட விதம்

ஜெர்மனியின் எர்ட்ஸ் மலையிலுள்ள சின்பாக் ஊரில், 1994ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளான அட்வெண்ட்டில் முதலாவதற்கு முந்தின சனிக்கிழமை, கெர்லிண்ட ஊலிக் தன் கையால் செய்து ஜன்னலில் வைத்த விளக்கு வளைவு, மெழுகும் இல்லாமல் மின்சாரமும் இல்லாமல், பக்கத்தில் இருந்தவர்களின் வேலைக் களைப்பில் எரிந்தது. அந்த ஊரில் கிறிஸ்துமஸ் காலத்தில் வீட்டுக்கு வீடு ஜன்னலில் வைக்கிற அரைவட்டம் அது, இது தகரத்தில் வெட்டியது. மேலே ஏழு சுடர்கள். மற்ற வீட்டு வளைவுகளில் சுத்தியல் ஏந்திய இரண்டு சுரங்க ஆட்கள் நிற்கும் இடத்தில், இதில் பதினோரு பெண்கள் கல் சுமந்து ஓடும் பட்டையின் முன் நின்று கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ரொட்டிக்கடை ரைன்ஹார்ட் உள்ளே வந்து உட்கார்ந்தால் ஏழு சுடரும் நிமிர்ந்து நின்றன. பாதிரியார் வந்தால் இரண்டு. இன்ஷூரன்ஸ் விற்கும் மருமகன் வந்தபோது ஒன்று மட்டும் எரிவதா வேண்டாமா என்று யோசித்தது. அந்தப் பண்டிகை முழுக்க அவன் பிறகு அந்த அறைப் பக்கமே வரவில்லை.

ஈயச் சுரங்கம் மூடி அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. கெர்லிண்டவும் இன்னும் பத்துப் பெண்களும் இருபத்தெட்டு வருடம் பட்டையின் முன் நின்று, ஈயக்கல் வேறு வெறுங்கல் வேறு என்று கையால் பிரித்தவர்கள். ஓய்வூதியக் கடிதம் வந்தபோது அதில் அவர்கள் செய்த வேலைக்கு ஒரே வரி இருந்தது: இலகுவான வேலை, அமர்ந்து செய்வது. அந்தப் பட்டையின் முன் ஒரு நாற்காலி போட்டு யாரும் பார்த்ததில்லை. மனு போட்டார்கள். களைப்பு என்பது அளக்கக்கூடிய பொருள் அல்ல என்று பதில் வந்தது. கடிதத்தைப் படித்த நாளில்தான் கெர்லிண்ட பழைய கையுறைகளை எடுத்து, அவற்றின் தேய்ந்த உள்ளங்கைத் தோலை மட்டும் வெட்டி, தகர வளைவின் உள்ளே வைத்து, ஈயப் பற்று வைத்து மூடினார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால், தூக்கிப்போட மனசு வரவில்லை என்பார்.

இரண்டு கிறிஸ்துமஸ் எரிந்த பிறகு, 1996 பிப்ரவரியில், அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பம் தெற்கே இருந்த காப்புரிமை அலுவலகத்தின் நான்காம் மாடிக்கு, ஓர்ட்வின் ராப் என்ற ஆய்வாளரின் மேசைக்கு வந்தது. அலங்கார விளக்குகள், ஒளிரும் பலகைகள், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மினுங்குபவை எல்லாம் இருபத்தேழு வருடமாக அவர் பொறுப்பு. ராப்பின் அப்பா ரயிலடியில் நிலக்கரி அள்ளியவர். வீட்டுக்கு வந்ததும் படியில் உட்கார்ந்து பூட்ஸ் நாடாவை அவிழ்ப்பார். ஒரு காலை அவிழ்த்துவிட்டு மறு காலுக்குக் குனிய முடியாமல் அப்படியே கிடப்பார். ராப் படித்துத் தப்பித்துவிட்டார். இப்போது அவருக்கு வேறொரு களைப்பு இருந்தது. அதைக் களைப்பு என்று சொல்லவே அவருக்குக் கூச்சம்.

விண்ணப்பத்தை அவர் மூன்று முறை படித்தார். முதல் கோரிக்கை சட்டப்படி ஒரே வாக்கியத்தில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது: ஒளிரும் அலங்காரக் காட்சிச் சாதனம், அதன் உந்துவிசை அருகிலிருப்பவரின் வேலைக் களைப்பு என்பதைத் தனிச்சிறப்பாகக் கொண்டது. இந்த மாதிரி வருபவற்றுக்கென்றே அலுவலகத்தில் பதினான்காம் பத்தி என்று ஒன்று உண்டு. தானாக ஓடும் சக்கரம், தண்ணீரில் எரியும் அடுப்பு, எது வந்தாலும் அதை எடுத்து ஒட்டுவார்கள்: இயற்கை விதிகளுக்கு முரணானது, விவரித்தபடி இயங்காது, ஆகவே நிராகரிக்கப்படுகிறது. பிரிவுத் தலைவர் ஃபைட் எல்ஸ்னர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என்னய்யா யோசனை? பதினாலை ஒட்டிட்டு வீட்டுக்குப் போங்க," என்றார்.

ராப் ஒட்டியிருப்பார். ஆனால் அடுத்த வாரம் அந்த வளைவே தபாலில் வந்து சேர்ந்தது. மாதிரிகளை வாங்கக் கூடாது என்பது விதி, தபால்காரர் போய்விட்டிருந்தார். ராப் அதை அலமாரி மேல் வைத்தார். மூன்று சுடர் எரிந்தது. உட்கார்ந்தே வந்த களைப்புக்கும் மூன்று கொடுக்கிறதே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு ஏரிக்கரையில் இரண்டு வாரம் விடுமுறை கழித்துவிட்டு வந்த எல்ஸ்னர் அறைக்குள் நுழைந்தபோது, அவர் பக்கத்துச் சுடர் தாழ்ந்தது. "பேட்டரி போச்சுபோல," என்றார் அவர். தரை துடைக்கும் நெவெங்கா வாளியோடு வந்தபோது, ஏழும் எழுந்ததில் தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்த தீயணைப்பு அறிவிப்பின் பொடி எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது. நெவெங்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஐயா, இதக் கொஞ்சம் கொறைக்க முடியாதா? துடைச்ச எடம் தெரியுது, துடைக்காத எடமும் தெரியுது," என்றார்.

கோப்பின் கடைசியில்தான் ராப் அந்தத் தாள்களைப் பார்த்தார். விளக்கு நிஜமாகவே எரிகிறது என்று நிரூபிக்க கெர்லிண்ட நாற்பத்துமூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி இணைத்திருந்தார். இரண்டு கிறிஸ்துமஸும் தெருவிலிருந்து பார்த்தோம், உள்ளே போய்க் காபி குடித்தோம், கையுறைத் தோலை எப்படி வைப்பது என்று அந்த அம்மாவே சொல்லிக்கொடுத்தார், என்று ஒவ்வொருவரும் எழுதியிருந்தார்கள். ராப் பேனாவைக் கீழே வைத்தார். விண்ணப்பிக்கும் முன் ஊரறியக் காட்டிவிட்ட பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. கெட்டிக்காரர்கள் அதை மூடி வைப்பார்கள். இந்த அம்மா விளக்குப் போட்டுக் காட்டி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி அனுப்பியிருந்தார்.

கடிதங்கள் போய்வந்ததில் இரண்டு வருடம் கழிந்தது. 1998 அக்டோபரில் வாய்மொழி விசாரணைக்கு கெர்லிண்ட ஏழு மணி நேரம் ரயிலில் வந்தார். கூட, பட்டையில் பக்கத்தில் நின்ற இர்ம்கார்டும் வந்திருந்தார். இருவரும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார்கள். மேசைமேல் வளைவு ஏழு சுடரோடு எரிந்தது. பகல் வெளிச்சத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை.

"ஜன்னல்ல வச்சிருக்கக் கூடாதும்மா. மொதல்ல எங்களுக்கு எழுதிட்டு, அப்புறம் வச்சிருக்கணும்," என்றார் ராப்.

"அட்வெண்ட்டுக்கு ஜன்னல இருட்டா போட்டா, வீட்ல எழவுன்னு ஊரே கேக்கைத் தூக்கிட்டு வந்துரும் ஐயா."

"இவ சமைக்கிறதுக்கு அதுவே தேவல," என்றார் இர்ம்கார்ட்.

"நீ வாய மூடுடி இர்மி. ஆபீஸ்ல இருக்கோம்."

ராப் சொல்ல வேண்டியதைச் சொன்னார். எப்படிப் பார்த்தாலும் காப்புரிமை கிடைக்காது. ஆனால் மறுப்பதற்கு வழி இரண்டு. கையெழுத்துத் தாள்களை கெர்லிண்ட திரும்பப் பெற்றுக்கொண்டால் கோப்பில் சாட்சி இருக்காது. தலைவர் பதினான்காம் பத்தியை ஒட்டச் சொல்வார். அதில் ஒரு சௌகரியம் உண்டு: கட்டிய பணத்தில் பாதி திரும்ப வரும். தாள்கள் இருந்தால், ஊரே முன்பு கண்ட பொருள், புதியது அல்ல என்று மறுக்க வேண்டும். பணம் வராது.

கெர்லிண்ட தன் கைகளை மேசைமேல் வைத்தார். இரண்டு கட்டைவிரல்களும் உள்பக்கமாக வளைந்திருந்தன. "அந்தப் பதினாலு என்ன சொல்லும்?"

"இது எரியாதுன்னு சொல்லும்."

"எரியுதே."

"எரியாதுன்னு சொல்லும்மா."

"அப்ப நாங்க நின்னது?"

ராப் கோப்பைப் புரட்டினார். அதற்கு அலுவலகத்தில் பத்தி எதுவும் இல்லை.

"இருபத்தெட்டு வருசம் ஒக்காந்திருந்தீங்கன்னு ஒருத்தன் எழுதிட்டான்," என்றார் கெர்லிண்ட. "காப்புரிமைய வச்சு நான் என்ன, கடையா போடப் போறேன்? இது எதுல எரியுதுன்னு சர்க்காரு தாள்ல ஒரு வரி வேணும். அதுக்குத்தான் வந்தேன். கையெழுத்து இருக்கட்டும்."

"பாதிப் பணம்டி," என்றார் இர்ம்கார்ட்.

"இருக்கட்டும்னேன்."

ஆணையை ராப் நான்கு நாள் எழுதினார். வழக்கமாக ஒரு மதியத்தில் முடிகிற வேலை. ஒன்றைப் புதியது அல்ல என்று மறுக்க வேண்டுமானால், அது முன்பே இருந்தது, இயங்கியது, இன்ன விசையில் இயங்கியது என்று முதலில் நிறுவ வேண்டும். ராப் நிறுவினார். சின்பாக் ஊரில் 1994 முதல் மேற்படி சாதனம் பொதுமக்கள் காண ஒளிர்ந்தது. அதன் உந்துவிசை, பதினோரு பெண்கள் இருபத்தெட்டு ஆண்டுகள் நின்று செய்த வேலையின் களைப்பும், அருகில் வந்தவர்களின் களைப்பும் ஆகும். நாற்பத்துமூன்று சாட்சிகளாலும், இவ்வலுவலகத்தின் நேரடிப் பரிசோதனையாலும் இது ஐயத்துக்கு இடமின்றி உறுதியாகிறது. ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. 'நின்று' என்ற சொல்லை அவர் ஒருமுறை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். எல்ஸ்னர் படித்துவிட்டு, "என்னய்யா இது, மறுக்கிறீரா பாராட்டுறீரா?" என்று கேட்டார். சட்டத்தில் பிழை காண முடியாததால் விட்டுவிட்டார். ராப் அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். அப்பாவைப் போல அவரும் பூட்ஸ் நாடாவை உட்கார்ந்துதான் அவிழ்க்கிறார்.

ஆணையோடு திரும்பி வந்த வளைவை ஜன்னலில் வைத்துவிட்டு, கெர்லிண்ட ஆணையைப் பட்டைப் பெண்களுக்கு அடுக்களையில் வாசித்துக் காட்டினார். நிராகரிக்கப்படுகிறது என்ற வரியில் நிறுத்தாமல் மேலே போனார். யாரும் கைதட்டவில்லை. நின்று என்ற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தார். ஓய்வூதியம் ஒரு காசு ஏறவில்லை. ஓய்வூதிய அலுவலகத்துக்கு ஆணையின் நகலை அனுப்பியதற்கு, அது வேறு துறையின் கருத்து என்று பதில் வந்தது.

யாருக்கும் உரிமை இல்லாத பொருள் என்றானதால் ஊரில் எல்லோரும் செய்துகொண்டார்கள். நூற்பாலைக்காரர்கள் தங்கள் கையுறையில் செய்தார்கள், மரம் அறுப்பவர்கள் தங்கள் கையுறையில். டிசம்பரில் சின்பாக் நகரசபை தெருவிளக்கு போடுவதை நிறுத்தியது. நகரத் தலைவர் வீட்டில் எவ்வளவு கையுறை வைத்தும் எரியாததால், அவர் கடையில் வாங்கிய பல்பு மாலையைத் தொங்கவிட்டுக்கொண்டார். அவர் மனைவி தனக்கென்று வேறொன்று செய்து அடுக்களையில் வைத்தார், அது நன்றாக எரிந்தது.

கெர்லிண்ட 2009 மார்ச்சில் இறந்தார். ஓய்ந்த கைக்கு விளக்கும் ஓயும் என்று ஊரில் நினைத்தார்கள். அந்த அட்வெண்ட்டுக்கு, பூட்டிய வீட்டில், ஆள் இல்லாத அறையில், ஏழு சுடரும் எரிந்தன. அடுத்த நான்கு வருடமும் எரிந்தன. பிறகு அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்த இளம் ஜோடி வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள், தகரம் சூடாகுமா என்று. ஆகாது என்றார் அவர். அதன் கீழே மேசையைப் போட்டு அவர்கள் உருளைக்கிழங்கு உரிக்கிறார்கள்.