இடது இமை

டிரைவர் கண் அசந்தால் கத்துவதற்கென்று டிப்பர் லாரிகளில் மாட்டியிருக்கும் அந்தக் கேமராப் பெட்டிக்குத் தப்பாகப் பாடம் சொல்லிக்கொடுத்தது தான்தான் என்பதை முத்தமிழ் அந்த வியாழக்கிழமை வரைக்கும் ஆபீஸ் பிள்ளைகளைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவுக்கு வேலை போய்விடும். சொல்லாமலே இருந்தால் என்ன போகும் என்பதை யோசிக்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பதினெட்டு வயது. பிளஸ் டூ முடித்துவிட்டுப் பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் சேர்ந்திருந்தாள். ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊர் அவளுடையது. அங்கிருந்து அரியலூர், அரியலூரிலிருந்து இன்னொரு பஸ். டைல்ஸ் கடைக்கு மேலே ஒரு மாடி, வரிசையாக நாற்பது கம்ப்யூட்டர். வேலை என்னவென்றால் கண் பார்ப்பது. திரையில் ஒரு ஜோடிக் கண் வரும். மூக்கு கிடையாது, வாய் கிடையாது, புருவத்திலிருந்து கன்னத்து மேடு வரைக்கும் வெட்டிய படம். கீழே மூன்று பொத்தான்: விழிப்பு, தூக்கம், தெரியவில்லை. எதையாவது ஒன்றை அழுத்தினால் அடுத்த ஜோடி வரும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் ஜோடி.

சேர்ந்த அன்று சூப்பர்வைசர் பரிமளாக்கா சொன்னது முத்தமிழுக்கு அப்படியே நினைவிருக்கிறது. அந்தப் பெட்டிக்கு மனுசன் என்றால் என்னவென்று தெரியாதாம். தூக்கம் என்றாலும் தெரியாதாம். அது பார்ப்பதெல்லாம் வெறும் புள்ளிகள். இந்த மாதிரிப் புள்ளிகள் வந்தபோது இந்தப் பிள்ளைகள் எதை அழுத்தினார்கள் என்பது மட்டும்தான் அதற்குப் பாடம். லட்சம் படம் காட்டினால் அதுவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்ளும். என்ன வழி என்று அதைச் செய்தவர்களைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

முத்தமிழின் அப்பா வீரமுத்து சுண்ணாம்புக்கல் மைன்ஸில் டிப்பர் ஓட்டுகிறவர். மைன்ஸுக்கும் ஃபேக்டரிக்கும் ஒரு ஷிப்டில் பதினாலு நடை. நான்கு வருசத்துக்கு முன்னால் தார்ப்பாய்க் கயிற்றின் கொக்கி தெறித்து இடது புருவத்தைப் பிளந்தது. புருவம் இரண்டு துண்டாக ஒட்டிக்கொண்டது, இமை பாதியில் தொங்கிப் போனது. பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வண்டிகளில் அந்தப் பெட்டியை மாட்டின முதல் வாரமே அது அவரைப் பார்த்து நாள் முழுக்கக் கத்தியது. ஒரு ஷிப்டில் மூன்று தடவை கத்தினால் ஆளை இறக்கிவிடுவது கான்ட்ராக்டர் வைத்த சட்டம். அதோடு இரண்டு மாசம் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"பொட்டி பொய் சொல்லுது பாப்பா," என்றார் அப்போது. "இருவத்திரெண்டு வருசமா ஓட்டுறேன். ரோடே பாக்க வேண்டாம், கை தானா போவும். சில நடையில லோடு எறக்குன பொறவுதான் ஃபேக்டரி வந்துட்டன்னே தெரியும்."

அன்றைக்கு அது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆடி மாசத்தில் ஒரு நாள் அந்தப் புருவம் அவள் திரையிலேயே வந்தது. அந்த முதல் வாரத்தில் பெட்டி தடுமாறின படங்களையெல்லாம் திருத்துவதற்காக அனுப்பியிருந்தார்கள். உலகத்தில் வேறு யாருக்கும் அப்படி ஒரு புருவம் இருக்க முடியாது. முத்தமிழ் விழிப்பை அழுத்தினாள். ஆனால் ஒவ்வொரு படத்தையும் மூன்று பேர் பார்ப்பார்கள், இரண்டு பேர் சொல்வதுதான் எடுபடும். பக்கத்துச் சீட்டு ஜோதியிடம் சாப்பாட்டு வேளையில் சொன்னாள். ஜோதியின் மாமாவும் டிப்பர் டிரைவர். ஜோதி பின்வரிசைக்குச் சொன்னாள். அந்த மாடியில் லாரி ஓட்டாத வீடு எது? ஒருத்தருக்கு அண்ணன், ஒருத்தருக்குச் சித்தப்பா. பாதி இமை தொங்கினால் விழிப்பு என்று யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்கு ஊறுகாய் போகிற மாதிரி அது போய்விட்டது.

"ஒங்கப்பா கண்ணு இன்னிக்கி எனக்கு மூணு தடவ வந்துச்சுடி," என்பாள் ஜோதி. "ஒரே முறைப்பு. பொண்ணு கேக்க வந்த மாப்பிள்ள மாதிரி பயந்துட்டேன்."

ஆறு வாரம் இப்படி நடந்தது. அந்த மாடியில் யாருக்கும் தெரியாத ஒன்று முத்தமிழுக்கு மட்டும் தெரியும். அப்பா எப்படித் தூங்குவார் என்பது. அசந்து தூங்கும்போதும் அந்த இடது இமை முழுசாக மூடாது. கீழே வெள்ளையாக ஒரு கோடு தெரியும், கருவிழி மேலே போயிருக்கும். அந்த ஆறு வாரத்தில் வந்த படங்களில் சிலவற்றில் வலது கண் செருகியிருந்தது, இடது கண்ணில் அந்த வெள்ளைக் கோடு இருந்தது. பின்னால் ஜன்னலில் ரோடு ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுத்தாள், மறுபடியும் வைத்து விழிப்பை அழுத்தினாள். பதினோரு தடவை.

அந்த வாரம் திங்கட்கிழமை எல்லா வண்டியிலும் புதுப் பாடத்தை ஏற்றினார்கள். அப்பாவை மறுபடியும் கூப்பிட்டுக்கொண்டார்கள், நைட் ஷிப்டில். செவ்வாய் காலை வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு. பெட்டி ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லையாம். பச்சை லைட்டு மட்டும்தானாம். எப்போதும் சட்டைப் பையில் நாலு பச்சை மிளகாய் வைத்திருப்பார், கண் சொக்கினால் கடிக்க. அதை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தார்.

"இது எதுக்கு இனிமே? வயிறு எரியறதுதான் மிச்சம். அதான் முழுநேரமும் அது பாக்குதுல்ல."

அந்த மிளகாய் இரண்டு நாளாக அங்கேயே வாடிக்கொண்டு கிடந்தது. ஒவ்வொரு தடவை அடுப்படிக்குப் போகும்போதும் முத்தமிழ் அதைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை, ஷிப்ட் முடிந்து வந்து கட்டிலில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்த அப்பாவை அவள் போனில் படம் எடுத்தாள். ஆபீசில் சோதனைத் திரை ஒன்று உண்டு. அதில் படத்தைப் போட்டால் பெட்டி என்ன நினைக்கிறது என்று சொல்லும். பரிமளாக்கா டீ குடிக்கப் போன நேரம் பார்த்துப் போட்டாள்.

விழிப்பு. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

வாயைப் பிளந்து தூங்குகிற மனுசன். இன்னொரு தடவை போட்டாள். தொண்ணூற்றாறு. திரும்பி வந்த பரிமளாக்காவிடம், ஏதோ சும்மா கேட்கிற மாதிரி, தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடத்தை மட்டும் அதற்குள்ளிருந்து எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். பரிமளாக்கா சிரித்தாள்.

"கொழம்புல போட்ட உப்ப எடுக்க முடியுமா? அது எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும். ஏன் கேக்குற?"

ஒன்றுமில்லை என்றாள்.

சாயங்காலம் பஸ்ஸில்தான் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. எதிர் சீட்டில் ஒரு பெரியவர் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்திருந்தார். அவள் அவரைப் பார்த்ததும், மடியில் இருந்த ஆள்காட்டி விரல் தானாக இறங்கி அழுத்தியது. விழிப்பு. அழுத்திய பிறகுதான் அவர் வாயோரம் எச்சில் வழிவதைக் கண்டாள். அவருக்கு இடது இமை பாதி திறந்திருந்தது. ஒரு நொடிகூட அவள் யோசிக்கவில்லை. பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தது அவள் தலைக்குள்ளும் ஏறி உட்கார்ந்திருந்தது. தூங்குகிறவரைத் தூங்குகிறார் என்று பார்க்க அவளுக்கே இனி முயற்சி வேண்டியிருந்தது.

அம்மா அக்காவின் பிரசவத்துக்காக ஜெயங்கொண்டம் போயிருந்தாள். வீட்டில் அப்பாவும் அவளும்தான். எட்டரை மணிக்கு அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது முத்தமிழ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். புருவம், ஜோதி, ஆறு வாரம், தொண்ணூற்றாறு. அழுதுகொண்டே சொன்னாள். அவர் நின்றபடியே கேட்டார். திட்டுவார் என்று நினைத்தாள்.

"எனக்காவத்தான செஞ்ச," என்றார். பிறகு, "நெசமா தூங்கிட்டு இருந்தனா நானு? படத்துல?"

"ஆமாப்பா."

"எத்தினி தடவ?"

"பதினொண்ணு."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். பித்தான் போட்ட கை அப்படியே நின்றது.

"ஒண்ணுகூட எனக்குத் தெரியலியே பாப்பா," என்றார் மெதுவாக. "பொட்டி பொய் சொல்லுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

அப்பா பயந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. போகாதீங்க என்றாள். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். மறுபடியும் நின்றால் நாளைக்கு வண்டியில் வேறு ஆள் இருப்பான். விசயம் வெளியே தெரிந்தால் தொங்கின இமைக்காரன் எவனுக்கும் வண்டி இல்லை, அந்த மாடியில் இருக்கிற பிள்ளைகளுக்கும் சோறு இல்லை. ஞாயிறு அம்மா வரட்டும், யோசிக்கலாம் என்றார். வாடின மிளகாயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அவள் போனில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அவர் ஸ்பீக்கரில் போட்டு வைப்பார் என்று ஒப்பந்தம்.

பத்து மணிக்கு ஆரம்பித்தாள். சும்மா பேசினால் போதாது என்று கணக்குப் போடச் சொன்னாள். பதினேழும் இருபத்தெட்டும் எவ்வளவு. ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூர் வரைக்கும் பஸ் நிற்கிற ஊரைப் பின்னாலிருந்து சொல்லுங்க. கணக்குக்கு முழித்திருக்கிற மூளை வேண்டும் என்பது அவள் எண்ணம். அவரும் சொன்னார். மிளகாயைக் கடித்து உஸ் உஸ் என்றார். "எட்டாங்கிளாசுல வாத்தியாரு என்னய கணக்குக்குத்தான் அடிச்சாரு, இப்ப நீ ஆரம்பிச்சிட்டியா," என்று சிரித்தார்.

இரண்டரை மணிக்கு பதில்கள் சின்னதாகிக்கொண்டு வந்தன.

"பன்னண்டும் ஒம்பதும்?"

"ம்."

"அப்பா, எவ்வளவு?"

"ம்."

பின்னால் இஞ்சின் சத்தம் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. பெட்டி கத்தவில்லை. முத்தமிழுக்கு அந்த "ம்" தெரியும். சின்ன வயசில் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்வாள். சரியான இடத்தில் ம் போடுவார். மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. ம் போடுவதற்கு முழித்திருக்க வேண்டியதில்லை. கியர் மாற்றுவதற்கும் வேண்டியதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

"அப்பா, அம்மா பேரு என்ன?"

"ம்."

"அப்பா."

"ம்."

மூன்று தடவை கத்திக் கூப்பிட்டாள். மூன்று தடவையும் அதே மாதிரி, அதே அளவில் வந்தது. ஒருவேளை அலுத்துப்போய் ம் போடுகிறாரோ. வாயில் மிளகாய் இருக்குமோ. தெரியவில்லை என்று ஒரு பொத்தான் இருந்தது, ஆறு வாரத்தில் அதை அவள் ஒரு தடவைகூட அழுத்தியதில்லை.

மைன்ஸ் கேட் நம்பரைக் கதவுக்குப் பின்னால் சாக்பீஸில் எழுதி வைத்திருந்தார் அப்பா. அதற்குப் போட வேண்டுமென்றால் இந்த லைனை விட வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே போன். அவள் குரல் நின்றுபோனால் அந்த வண்டிக்குள் அவரைக் கூப்பிட வேறு எதுவும் இல்லை.

விட்டாள். நம்பர் போட்டாள். ஏழு தடவை மணி அடித்த பிறகு ஒருவர் எடுத்தார். நாற்பத்தொன்றாம் நம்பர் வண்டியை நிறுத்தச் சொன்னாள். டிரைவர் மகள் பேசுகிறேன் என்றாள். அவர் அவசரப்படவில்லை. வண்டிப் பெட்டிகளின் படம் வருகிற திரையைப் பார்க்கிறார் போலிருந்தது.

"நாப்பத்தொண்ணா? அதுல ஒண்ணும் இல்லியேம்மா. பச்சையாத்தான் இருக்கு. கண்ணும் தெரியுது, தொறந்துதான் வச்சிருக்காரு. முழிப்புன்னு போட்டிருக்கு."

"அந்தப் பச்சைய நம்பாதீங்க சார். அதுக்கு அப்படிச் சொல்லிக்குடுத்ததே நான்தான். எடது கண்ணுல கீழ வெள்ளையா ஒரு கோடு தெரியுதான்னு பாருங்க."

நாற்காலி நகர்கிற ஒலி கேட்டது.

"தெரியுதும்மா."

"அது தூக்கம் சார்," என்றாள் முத்தமிழ். "எங்கப்பா தூங்குறாரு. அவரு வண்டி மட்டும் இல்ல, எல்லா வண்டியையும் நிறுத்துங்க."

போன் கீழே விழுந்த சத்தம். தூரத்தில் அவர் யாரையோ பேர் சொல்லி ஜீப்பை எடுக்கச் சொல்லிக்கொண்டே ஓடுவது கேட்டது. லைன் கட்டாகவில்லை. காலியான அந்த அறையையே காதில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். ஆள்காட்டி விரல் போனின் முதுகில் அழுத்திக்கொண்டே இருந்தது, தூக்கம், தூக்கம், தூக்கம் என்று.