மழையும் படாத பிரமிளா

பிரமிளா மேல் இரண்டு வருடமாக மழை பட்டதில்லை. ஜெலாப்பாங் கையுறை ஃபேக்டரியில் குடை வாங்காதவள் அவள் ஒருத்திதான் என்று பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் அக்கா விசாரித்தே வைத்திருந்தார். தூறல் விழ, கால்கள் இப்படியும் அப்படியும் நகர, துளிகளுக்கு நடுவே காய்ந்த சட்டையோடு வீடு வந்துசேர்வாள்.

எல்லாம் கோயில் மண்டபத்துச் சிலம்ப வகுப்பில் ஆரம்பித்தது. கணவன் சுரேன் லோரி ஓட்டுபவன். வீட்டில் இருக்கும் நாட்களில் அவன் கை சும்மா இருக்காது. அவள் கன்னத்துப் பவுடர் ஏன் அத்தனை கனம் என்று யாரும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த அடுக்குமாடி அது, காதை மட்டும்தான் கதவில் வைத்திருந்தது.

சுகுமாரன் மாஸ்டர் அவள் கையில் கம்பைக் கொடுக்கவில்லை. "மொதல்ல மூணு மாசம் காலடி மட்டுந்தான் லா. அடி வர்ற எடத்துல நீ இல்லேனா, அடிக்கிறவனுக்குத்தான் மூச்சு வாங்கும்." தரையைத் தொட்டுக் கும்பிட்டுத் தொடங்கி, மறுபடி தொட்டுக் கும்பிட்டு முடிப்பது அங்கே முறை. ஒரு செவ்வாய்க்கிழமை ஃபேக்டரி பஸ் ஹாரன் அடிக்க, பிரமிளா முடிவுக் கும்பிடு போடாமல் ஓடிவிட்டாள். அன்று தொடங்கிய காலடி இன்றுவரை முடியவில்லை.

அந்த வாரம் சுரேன் ஓங்கிய கை சுவரில் பட்டது, அடுத்த மாதம் அலமாரியில். வருஷம் திரும்புவதற்குள் வீட்டில் உடையாத கதவு இல்லை, அவள் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. பயம் மட்டும் கூடிக்கொண்டே போனது. கால்கள் அவளைக் கேட்டு நகர்வதில்லை, தூக்கத்திலும் நகர்ந்தன. சோறு வடிக்கும்போது பாதம் தானாகப் பின்வாங்கினால், லோரி கீழே வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வாள். "இப்பவாச்சும் கும்பிட்டு முடிச்சிரும்மா," என்றார் மாஸ்டர். "அவரு இன்னும் இருக்காரே மாஸ்டர்," என்றாள்.

போன தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம் சுரேன் பாராங் கத்தியோடு வந்தான். கதவோரம் பிரமிளா, அவள் முதுகுக்குப் பின்னால், சட்டையைப் பிடித்தபடி பன்னிரண்டு வயது மகள் தினேஸ்வரி. கத்தி உயர்ந்தது, பாதங்கள் விலகத் தொடங்கின. தான் விலகினால் கத்தி யார் மேல் இறங்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "நில்லுங்க, ஐயோ நில்லுங்க," என்று சொந்தக் கால்களிடமே கெஞ்சினாள். அவை கேட்கவில்லை. குதிகால் எழும்பிய நொடியில் பின்னால் கைவிட்டு, மகளை இழுத்து இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். கால்கள் இருவரையும் ஒரே உடம்பாக எடுத்துக்கொண்டு விலகின. கத்தி நிலைக்கட்டையில் இறங்கி மாட்டிக்கொண்டது. காது கொடுத்தே பழகிய கருப்பம்மாள் அக்கா அன்றைக்குக் கதவையும் திறந்தார்; போலீஸுக்குப் போன் போனது.

சுரேன் உள்ளே போனான். எப்போது வெளியே வருவான் என்று ஆளுக்கொரு தேதி சொல்கிறார்கள். அதனால் பிரமிளா மகளை இன்னும் கீழே இறக்கவில்லை. ஃபேக்டரியை விட்டுவிட்டு, சாயங்காலங்களில் மகளை இடுப்பில் வைத்தபடியே வடை சுட்டு விற்கிறாள். தினேஸ்வரி இப்போது இடைநிலைப்பள்ளியில் முதல் படிவம், அம்மாவைவிட இரண்டு விரல் உயரம். பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் காலணி தரையில் உரசித் தேய்கிறது. பள்ளிக் காவலுக்கு நிற்கும் ஜாகா கேட்டைக் கொஞ்சம் அகலமாகத் திறந்துவிடுகிறார். பின்வரிசையில் பெரிய நாற்காலி ஒன்று போட்டிருக்கிறார்கள். ஆசிரியை பெயர் கூப்பிட்டால் இரண்டு பேரும் கை தூக்குகிறார்கள்.